பிறந்த ஊர்ப் பக்கமா, புகுந்த ஊரா? இரண்டு நாள் லீவுக்குத் தஞ்சாவூரும் மதுரையும்

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், ஆபீசில் யாராவது ஒருவர் என் மேஜைக்கு வந்து நிற்பார். "அக்கா, ரெண்டு நாள் லீவு சேர்ந்தாப்ல கிடைக்குது. தஞ்சாவூர் போலாமா, மதுரை போலாமா?"

என்னிடம் கேட்கக் காரணம் இருக்கிறது. நான் பிறந்தது பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வாழ்க்கைப்பட்டது மதுரையில், மேல மாசி வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாமியார் வீடு. இருப்பதோ தாம்பரத்தில். ஒரு லீவுக்கு அந்த ஊர், அடுத்த லீவுக்கு இந்த ஊர் என்று 22 வருஷம் ஓடிவிட்டது. பிறந்த வீட்டைத் தாழ்த்திச் சொன்னால் அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், புகுந்த வீட்டைத் தாழ்த்திச் சொன்னால் ராத்திரி சோறு தொண்டையில் இறங்காது. அதனால் எந்த ஊர் பெரிது என்று நான் சொல்வதில்லை. கேட்கிறவரிடம் நாலு கேள்வி கேட்பேன். பதில் அதிலேயே வந்துவிடும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். இரண்டு ஊரையும் இரண்டு நாளில் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வரைபடத்தில் பக்கமாகத்தான் தெரியும். புதுக்கோட்டை வழியாகக் காரில் மூன்றரை, நாலு மணி நேரம். நானே அந்தக் கணக்கில் ஏமாந்தவள். சில வருஷம் முன்பு நாத்தனாரும் அவர் பெண்ணும் வந்திருந்தபோது, விடிகாலை ஐந்து மணிக்குத் தாம்பரத்தில் கிளம்பினோம். விக்கிரவாண்டிக்கு அந்தண்டை ரோடு வேலை நடந்துகொண்டிருந்த காலம். தஞ்சாவூர் போய்ச் சேரும்போது மணி 12:40. பெருவுடையாருக்கு நடை சாத்தியாகிவிட்டது. கல் தரை அடுப்பாகக் கொதிக்கிறது. சரி, மதுரையையாவது பிடிப்போம் என்று சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், புதுக்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டில் "ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க" என்றார்கள். அந்த ஒரு வாய் காபி இரண்டரை மணி நேரம். மதுரையில் குளித்துவிட்டுக் கோவில் வாசலுக்கு ஓடினபோது அங்கேயும் கதவு சாத்துகிற நேரம். ஒரே நாளில் இரண்டு ஊரின் மூடின கதவைப் பார்த்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். நாத்தனார் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

அதனால் என் முதல் கேள்வி: உங்கள் கைக்குக் கிடைப்பது காலையா, ராத்திரியா?

இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. எல்லோரும் கோவிலோடு கோவிலை ஒப்பிடுகிறார்கள். நான் பார்த்த வரையில் தஞ்சாவூர் விடியற்காலை ஊர். மதுரை ராத்திரி ஊர். இரண்டு கோவிலிலும் மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தி, நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த மூன்றரை மணி நேரத்தை எப்படிக் கழிக்கப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே யோசித்துவிட வேண்டும்.

தஞ்சாவூருக்கு எழும்பூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ் இரவு வண்டி. விடிகிற நேரத்தில் இறக்கிவிடும். ஸ்டேஷனிலிருந்து பெரிய கோவில் ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான். காந்திஜி ரோட்டுப் பக்கம் அறை எடுத்து, முகம் கழுவி, காபி குடித்து, ஆறரைக்கெல்லாம் கோவிலுக்குள் இருந்துவிடுங்கள். கோவில் கிழக்குப் பார்த்தது. கேரளாந்தகன் வாசல், ராஜராஜன் வாசல் இரண்டையும் தாண்டி உள்ளே நுழைகிறபோது, முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிற வெயில் எதிரே நிற்கிற விமானத்தின் மேல் விழும். ராஜராஜன் 1010இல் கட்டி முடித்தது, சுமார் 216 அடி என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சுற்றுவட்டாரத்தில் கருங்கல் மலையே இல்லாத வயக்காட்டுச் சமவெளியில் இவ்வளவு கல் எப்படி வந்தது என்பதை அந்த முற்றத்தில் நின்றால்தான் கேட்கத் தோன்றும்.

அங்கே கைடு வைத்துக்கொண்டால் முதலில் சொல்வது, விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதாக இருக்கும். நம்பாதீர்கள். சாயங்காலம் நாங்கள் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுவதே அந்த நிழலில்தான். முன்னால் இருக்கிற பெரிய நந்தியும் ராஜராஜன் வைத்ததில்லை, பின்னால் நாயக்கர் காலத்தில் வந்தது. இந்த மாதிரிக் கதையெல்லாம் இல்லாமலேயே அந்தக் கோவிலில் பார்க்கப் போதுமானது இருக்கிறது. குனிந்து அடிப்பகுதிக் கல்வெட்டுகளைப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் சில எழுத்துகள் பிடிபடும். சோழ நாட்டு ஊர்களிலிருந்து 400 தளிப்பெண்டிரைக் கூட்டி வந்து, ஆளுக்கு ஒரு வீடும் வருஷத்துக்கு நூறு கலம் நெல்லும் கொடுத்ததை, அவரவர் பெயர், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்று இந்தக் கோவிலில் பொறித்து வைத்திருக்கிறான். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். ஆயிரம் வருஷம் முன்னால் இப்படி ஒரு சம்பளப் பட்டியல் போட்டவன் யாரோ, அவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வருவேன்.

கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் சோழர் ஓவியங்கள் இருக்கின்றன. மேலே நாயக்கர் காலத்து ஓவியம் மூடியிருந்து, 1931இல்தான் அடியில் இருப்பது வெளியே தெரிந்தது. பொதுவாக உள்ளே விட மாட்டார்கள் என்பதால், அதை நம்பிப் பயணம் போட வேண்டாம்.

ஒன்பதரை, பத்துக்குள் கோவிலை முடித்துவிடுங்கள். வெயில் நாளில் பதினொரு மணிக்கு மேல் அந்த முற்றத்தில் வெறுங்காலோடு நடப்பது தீமிதிதான். பையில் ஒரு ஜோடி பழைய சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கேதான் தஞ்சாவூருக்கு ஒரு சௌகரியம். மத்தியானத்துக்கு அரண்மனை இருக்கிறது. அங்கே நிறைய பேர் சரஸ்வதி மகாலின் காட்சிக்கூடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நான் கலைக்கூடத்துக்குத்தான் அழைத்துப் போவேன். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் அங்கே நிற்கிறார். 1011ஆம் வருஷத்துச் செப்புத் திருமேனி. பாம்புகளைச் சேர்த்துத் தலைப்பாகையாகச் சுற்றின மாதிரிச் சடை. ஒரு காலை லேசாக மாற்றி வைத்து, வலது கையைக் காளையின் மேல் போட்டுக்கொண்டு நிற்கிறார். காளை இல்லை. எங்கோ போய்விட்டது. ஆனால் அந்தக் கையைப் பார்த்தால் காளையின் திமில் உயரம் இன்னதுதான் என்று உங்களால் சொல்லிவிட முடியும். என் பையன் சின்ன வயதில் அந்தக் கைக்குக் கீழே எட்டிப் பார்த்து, "மாடு எங்கம்மா?" என்று கேட்டான். பக்கத்தில் தேவியும் இருக்கிறாள். இந்த இருவருக்காக மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அரண்மனைக்குள் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிச் சீட்டு வாங்க நேரலாம், வார விடுமுறை நாளும் ஒன்றுபோல் இருக்காது. முதல் நாளே அறை எடுத்த இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாளுக்குக் கும்பகோணம் ரோடு. பத்துப் பேரில் ஒன்பது பேர் நேரே தாராசுரம் போவார்கள். போக வேண்டியதுதான், இரண்டாம் ராஜராஜன் கட்டின அந்தக் கோவிலில் சிற்பி உளியை நகை செய்கிற கம்பியாகப் பிடித்திருக்கிறான். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்கிற சிற்பத்தைப் பிள்ளைகளிடம் தேடச் சொல்லுங்கள். ஆனால் வழியில் பசுபதிகோவிலுக்குப் பக்கத்தில் புள்ளமங்கை என்று எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோவில் ஒன்று இருக்கிறது. பெரிய கோவிலுக்கு நூறு வருஷம் மூத்தது. விமானத்தின் அடியில் உள்ளங்கை அகலத்தில் ராமாயணக் காட்சிகள். நான் பள்ளிக்கூடம் படித்த நாளில் அந்தக் கல் படியில் உட்கார்ந்து நாவற்பழம் தின்றிருக்கிறேன், அதன் அருமை தெரியாமலே. கூட்டம் இருக்காது. சாத்தியிருந்தால் அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் இட்லிக்குக் கடப்பா கிடைக்கிறதா என்று கேளுங்கள். பயத்தம்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டுச் செய்வது. இந்தப் பக்கத்தை விட்டால் இதே ருசியில் கிடைப்பதில்லை. திருவையாறு 13 கிலோமீட்டர்தான், அசோகா வாங்கிக்கொள்ளலாம். நெய் கையில் ஒட்டாமல் இருந்தால் அது அசோகா இல்லை, வேறெதுவோ.

இனி புகுந்த வீடு.

மதுரைக்கு நீங்கள் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தாலும் நஷ்டமில்லை. பாண்டியனில் ராத்திரி ஏறலாம். இல்லையென்றால் விடிகாலை கிளம்புகிற தேஜஸில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மதுரை. கல்யாணமான புதிதில் ஒருநாள் எட்டரைக்கே சாப்பிட்டுப் படுக்கப் போனேன். மாமியார் வாசலில் நின்று, "என்னத்தா, தூங்கவா மதுரைக்கு வந்தே?" என்று கேட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது கோவிலுக்கு. அன்றைக்குத்தான் பள்ளியறை பூஜையை முதன்முதலாகப் பார்த்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, நாதஸ்வரமும் தீவட்டியும் சாம்பிராணிப் புகையுமாக, மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டு போவார்கள். சாமி என்றாலும் ராத்திரியானால் பெண்டாட்டி வீட்டுக்குத்தான் போக வேண்டும். இந்த ஊரில் யார் கை ஓங்கியது என்பது எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. சுந்தரேசுவரரைப் பார்ப்பதற்கு முன் மீனாட்சியைத்தான் பார்க்க வேண்டும் என்பதும் இங்கே எழுதாத சட்டம்.

ஆகவே மதுரைக்கு என் திட்டம் இப்படி: மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் அறை எடுங்கள், ஸ்டேஷனும் பக்கம், கோவிலும் நடக்கிற தூரம். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோவிலுக்குப் புறப்படுங்கள். நேரே போகாமல் மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று வெளியிலிருந்து ஒவ்வொரு வளையமாக உள்ளே நுழையுங்கள். தெருக்களுக்கே மாதத்தின் பெயர் வைத்த ஊர். மேல மாசி வீதியில் 251ஆம் எண் வீட்டில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையைக் கழற்றி அரை வேட்டிக்கு மாறினார். இன்றைக்கு அங்கே கதர்க் கடை. பாத்திரக் கடைக்கும் துணிக் கடைக்கும் நடுவில் சரித்திரம் இப்படித்தான் நிற்கும் இந்த ஊரில், தனியாக வேலி போட்டு அல்ல.

கோவிலுக்குள் போகிறவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதன் பிறகு செல்போன் உள்ளே கிடையாது. வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். இரண்டாவது, செருப்பை எந்தக் கோபுரத்தில் விட்டீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சுற்றிவிட்டு வந்தால் நாலு வாசலும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஊர் மருமகள் நானே தெற்கு வாசலில் விட்ட செருப்பை மேற்கு வாசலில் தேடியிருக்கிறேன். மூன்றாவது, போன் இல்லாததால் கூட்டத்தில் பிரிந்தால் பிரிந்ததுதான். "யாராவது தொலைஞ்சா பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டுல வந்து உக்காரு" என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். தொலையாவிட்டாலும் அந்தப் படியில் உட்காரத்தான் வேண்டும். தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி உயரத்துக்குச் சுதைப் பொம்மைகளோடு அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

வெள்ளியம்பலத்தில் நடராஜர் வலது காலைத் தூக்கி ஆடுவார். மற்ற ஊரிலெல்லாம் இடது கால். ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்தான் என்று எண்ணிச் சொல்கிறார்கள். எண்ணுகிற வேலையை அவர்களுக்கே விட்டுவிட்டு, தூண்களில் இருக்கிற முகங்களைப் பாருங்கள்.

வெளியே வந்தால் பத்து மணி. அப்போதுதான் ஊர் விழித்துக்கொள்ளும். கொத்துப் பரோட்டா தட்டுகிற சத்தம் ஒரு தெருவில், பருத்திப்பால் வண்டி இன்னொரு தெருவில். கறி தோசை சாப்பிடாமல் வரக்கூடாது, சாப்பிடாதவர்களுக்கு ஜிகர்தண்டா. எந்தக் கடை என்று என்னைக் கேட்காதீர்கள், அதைச் சொல்லப் போய்தான் என் கணவருக்கும் அவர் தம்பிக்கும் சண்டை வரும்.

மதுரையின் பகல் எனக்கு அவ்வளவு பிடிக்காது. நெரிசல், புழுதி, ஆட்டோ பேரம். திருமலை நாயக்கர் மகாலைக் காலையில் பார்த்துவிடலாம். நிற்பது பழைய அரண்மனையில் ஒரு பகுதிதான், அந்தப் பகுதியே தூணைக் கட்டிப்பிடிக்க நாலு பேர் வேண்டும் என்கிற அளவு. பிறகு ஊரை விட்டு வெளியே போய்விடுவது நல்லது. கீழடி அருங்காட்சியகம் 2023இல் திறந்தது; பக்கத்து சிவகங்கை மாவட்டம் என்றாலும் மதுரையிலிருந்து அரை மணி நேரம். பானை ஓட்டில் ஆள் பெயர் கீறியிருப்பதைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸ் அடியில் ஆணியால் பெயர் எழுதினோமே, அதேதான். சமண மலை பிடிக்கும் என்றால் காலை ஏழு மணிக்குக் கீழக்குயில்குடி போங்கள்: தாமரைக் குளம், ஆலமரம், மேலே பாறையில் தீர்த்தங்கரர்கள். படி ஏற மூட்டு ஒத்துழைக்க வேண்டும்.

மூட்டு என்றதும் இரண்டாவது கேள்வி: கூட வருவது யார்? வயதானவர்கள் என்றால், பலர் நினைப்பதற்கு மாறாக, நான் தஞ்சாவூர்தான் சொல்வேன். முற்றம் பரந்தது, வரிசை குறைவு, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். பிரதோஷத்தன்று மட்டும் நந்தியைச் சுற்றிக் கூட்டம் நெரியும். மதுரையில் உள்ளே நடக்கிற தூரம் அதிகம், விசேஷ நாளில் தரிசன வரிசை பெரியவர்களைத் தள்ளாட வைத்துவிடும். பதின்வயசுப் பிள்ளைகள், சிநேகிதர்கள் என்றால் யோசிக்காமல் மதுரை. தஞ்சாவூரில் ராத்திரி ஒன்பது மணிக்கு அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்து, "இனிமே என்ன?" என்று கேட்பார்கள். உங்களிடம் பதில் இருக்காது.

மூன்றாவது, எந்த மாதம்? சித்திரையில் மீனாட்சி கல்யாணம், சித்ரா பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்குவது. அதைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் போங்கள், மாதக்கணக்கில் முன்னால் அறை போட்டுவிட்டு. சும்மா ஊர் சுற்ற அந்த வாரம் ஆகாது. தை முதல் மூன்று நாளும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு; மதுரைப் பக்கம் எல்லா வண்டியும் நிறைந்திருக்கும். தஞ்சாவூருக்கு மார்கழி, தை அருமை. சம்பா பயிர் நிற்கும், கும்பகோணம் ரோட்டில் இருபுறமும் பச்சை. ஐப்பசி, கார்த்திகை அடைமழை டெல்டாவை ஒரு கை பார்த்துவிடும், முற்றத்துக்குக் கூரையும் இல்லை. சித்திரை வெயிலில் போனால் காவிரியில் மணலைத்தான் பார்ப்பீர்கள். மதுரைக் கோவிலின் பிராகாரங்களுக்குக் கூரை உண்டு, மழையோ வெயிலோ உள்ளே போய்விட்டால் கவலையில்லை.

நாலாவது கேள்வி, என்ன வாங்கப் போகிறீர்கள்? சிரிக்காதீர்கள். பாதிப் பேர் இதற்காகத்தான் போகிறார்கள். தலையாட்டி பொம்மை, நெட்டி வேலை, தஞ்சாவூர் ஓவியம், கலைத்தட்டு வேண்டுமென்றால் அந்தப் பக்கம். சுங்குடிச் சேலையும் மல்லியும் வேண்டுமென்றால் இந்தப் பக்கம். மல்லியை ஊர் கிளம்புகிற அன்று சாயங்காலம், மொட்டாகப் பார்த்து வாங்கி, வாழை இலையில் சுற்றி ஈரத்துணிக்குள் வைத்தால் தாம்பரம் வரை வாசனையோடு வரும். விரிந்த பூவை வாங்கினால் விழுப்புரத்திலேயே பழுத்துவிடும்.

இத்தனை கேள்விக்கும் பதில் சொல்லி முடித்தபின் கடைசியில் ஊரை முடிவு செய்வது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயில்தான். போகிற டிக்கெட் கிடைத்துவிடும், திரும்புகிற டிக்கெட்தான் குதிரைக் கொம்பு. முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது. விட்டுவிட்டால், சனிக்கிழமை தட்கல்: ஏசிக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி. முதலில் திரும்புகிற வண்டியைப் போடுங்கள். உழவனில் இடம் இருந்தால் தஞ்சாவூர், பாண்டியனில் இடம் இருந்தால் மதுரை. இரண்டிலும் வெயிட்டிங் லிஸ்ட் என்றால் தாம்பரத்துக்கு வாருங்கள், எங்கள் வீட்டு மாடியிலிருந்து இரண்டு வண்டியும் போவது தெரியும்.